தெருவைக் கூட்டியதுதான் தப்பு

"அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். நடக்கவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். கம்பம் இருந்தது, பல்பு இல்லை. குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. மழைத்தண்ணீர் போகக் கால்வாய் என்று ஒன்று வரைபடத்தில் இருந்தது, தெருவில் இல்லை. இதையெல்லாம் சரிசெய்ய ஓர் ஆபீஸ் இருந்தது. அதில் சம்பளம் வாங்கிக்கொண்டு நானும் இருந்தேன்.

போன மாதம் என் மாடியில் குடியிருக்கும் பெண் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். நகராட்சியில் உதவிப் பொறியாளர். சுறுசுறுப்பான பிள்ளை. இப்போதெல்லாம் புகார் கைபேசியிலேயே வருகிறதாம். வேலை முடிந்ததும் தெருவைப் படம் எடுத்து ஏற்றிவிட்டால் புகார் தானாக மூடிக்கொள்ளுமாம். படத்தில் தெரு பளிச்சென்று இருந்தது.

"இந்தப் படம் எடுக்கறதுக்கு முன்னாடி யாராவது தெருவைக் கூட்டினாங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டுமென்றால் மதகடித் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. சிவில் டிப்ளமோ முடித்து, இரண்டு வருடம் கான்ட்ராக்டர்களுக்கு நிலம் அளக்கும் சங்கிலி இழுத்துவிட்டு, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு பஞ்சாயத்து ஆபீஸில் ஒர்க் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். திருநின்றவூரில் வாடகை குறைவு என்பதால் அங்கே ஓர் அறை எடுத்திருந்தேன். ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போவேன். சுற்றிலும் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நேற்றுவரை நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். மனிதர்கள் மாறினார்களே தவிர, அவர்கள் குடியிருந்த தெருக்கள் வயல் வரப்பாகவே கிடந்தன.

எங்கள் செயல் அலுவலர் பெயர் வேணுகோபால். இ.ஓ. என்றுதான் சொல்வோம். ஒல்லியான மனிதர். அறிக்கை படிக்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து நின்றுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும், தூக்கத்தில் கையெழுத்து வரும் என்பார். படித்து முடித்ததும் ஒரே கேள்விதான்.

"கண்ணால பாத்தியா?"

பார்த்தேன் என்றால் கையெழுத்துப் போடுவார். சொன்னார்கள், கேள்விப்பட்டேன் என்று இழுத்தால் காகிதம் திரும்பி வரும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை வா, போ என்றுதான் பேசுவார். கோபம் வந்துவிட்டால் மட்டும் மரியாதை வந்துவிடும். "வாங்க, உக்காருங்க" என்றாரானால் யாருக்கோ அன்றைக்கு வேட்டு என்று அர்த்தம்.

புகார் மனு வந்தால் நடைமுறை இதுதான். தபாலில் எண் போட்டு, மனுக்கொடுத்தவருக்கு ஒரு கார்டு போகும்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' பிறகு இன்ன தேதியில் ஒர்க் இன்ஸ்பெக்டர் நேரில் பார்வையிடுவார் என்று பியூன் மூன்று நாள் முன்னதாகத் தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வருவான். சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக. நான் டேப்பும், அங்குலம் குறித்த மூங்கில் கோலும், படிவமும் எடுத்துக்கொண்டு போவேன். தெருவின் நீளம், அகலம், மேற்பரப்பு, நீர்த்தேக்கம், கால்வாய், வீடுகள், குறிப்புரை என்று ஏழு கட்டங்கள். இ.ஓ. அதைப் படித்துவிட்டு வேலைப் பட்டியலில் ஏற்றுவார். அவசரம் என்றால் சிவப்பு மை. அவசியம் என்றால் நீல மை. பார்க்கலாம் என்றால் பென்சில். பென்சிலில் எழுதிய தெருவுக்கு விமோசனம் கிடையாது.

மதகடித் தெரு ஏரியின் உபரிநீர்க் கால்வாயை ஒட்டி இருந்தது. ஐம்பது வீடு இருக்கும். தெருமுனையில் கால்வாய்க்கு மேல் இரண்டு பனந்தண்டு போட்டிருந்தார்கள், அதுதான் பாலம். மழை வந்தால் ஏரித்தண்ணீரும் தெருத்தண்ணீரும் ஒன்றாகிவிடும். நாலு வருடமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தது தனக்கோட்டி என்கிற பெண்மணி. நாற்பது வயது இருக்கும். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை. எழுதத் தெரியாது. போஸ்ட் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி எழுதி வாங்கி, கைநாட்டு வைத்துத் தானே கொண்டுவந்து தருவார். நாங்கள் அனுப்பிய கார்டுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வீட்டில் மாட்டியிருந்தார்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கணவர் ஏழுமலைக்கு, வேலைபார்த்த கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கம்பெனி அவரைக் கைவிடாமல் டூல் ரூமில் உட்கார வைத்திருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றி, இருக்கிற காலால் எட்டு வைத்துப் போவார். வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. மழை வந்தால் கட்டை சேற்றில் இறங்கும், எடுக்க வராது. போன ஐப்பசியில் பல நாள் வேலைக்குப் போகவில்லை. இந்த வருடமும் மழையில் தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இது மனுவிலேயே இருந்தது. அடுத்த மழைக்குள் பாலமும் ரோடும் வரவில்லை என்றால் அந்த மனிதருக்கு வேலை இல்லை.

எனக்கு அந்தத் தெரு வந்தது புரட்டாசியில். முதல் நாள் நல்ல மழை. சரி, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கையோடு அளந்துவிடலாம் என்று சைக்கிளை மிதித்தேன்.

போய்ப் பார்த்தால் தெருமுனையில் மாவிலைத் தோரணம். பனந்தண்டின்மேல் புதுப் பலகை. உள்ளே தெரு முழுவதும் சமமாக, கறுப்பாக, காய்ந்து கிடந்தது. வாசலுக்கு வாசல் சாணி தெளித்துக் கோலம். நடுவில் கைவைத்த மர நாற்காலி ஒன்று, அதன்மேல் துவைத்த துண்டு. ரேஷன் கடைக்காரரிடம் இரவல் வாங்கியதாம். நான் உட்கார்ந்ததும் கையில் கோலிசோடா வந்தது.

பிற்பாடுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. பியூன் வந்து சொன்ன அன்றைக்கே தெரு கூடிப் பேசியிருக்கிறது. ஆபீசர் வருகிறார், இந்தச் சகதியிலா அவரை நிறுத்துவது? முன்பு பண்ணையில் வேலை செய்த காலத்தில் தாசில்தார் வருகிறார் என்றால் குடியிருப்பு முழுவதையும் வழித்துச் சுத்தம் செய்து வைப்பார்களாம். அந்தப் பழக்கம் ஷிப்டு வேலைக்கு வந்த பிறகும் போகவில்லை. பட்டறைகளில் வெளியே கொட்டும் நிலக்கரிச் சாம்பலை எட்டு வண்டி கொண்டுவந்து பள்ளத்தையெல்லாம் ரொப்பிவிட்டார்கள். முதல் நாள் பெய்த தண்ணீரை ஆணும் பெண்ணும் விடியவிடியக் குடத்தால் மொண்டு கால்வாயில் ஊற்றியிருக்கிறார்கள். சிலர் அதற்காக ஷிப்டை விட்டிருக்கிறார்கள்.

எனக்கு இருபத்துமூன்று வயது. அதுவரை எனக்காக ஒருவரும் நாற்காலி போட்டதில்லை. மறைப்பானேன், குளிர்ந்துவிட்டது மனசு.

டேப்பைப் பிடித்து அளந்தேன். கோலை ஊன்றிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. ஓர் இடத்தில் கோல் சாம்பலுக்குள் ஒரு சாண் இறங்கியது. எனக்கு உறுத்தியது. ஆனால் படிவத்தில் இருந்த கட்டம் 'நீர்த்தேக்கம் எத்தனை அங்குலம்' என்பதுதான். கோல் எத்தனை இறங்குகிறது என்று கேட்க அதில் இடமில்லை.

தனக்கோட்டி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார்.

"சார், இன்னிக்கு இப்டி கீது. மழை புடிச்சுதுன்னா தொடை வரிக்கும் தண்ணி சார். எங்க ஊட்டுக்காரரு வாசப்படி எறங்க முடியாது."

"நான் பாத்ததைத்தாம்மா எழுத முடியும்."

"அப்ப மழைல ஒரு தபா வந்து பாரு சார்."

"ஆபீஸ்ல அனுப்பினா வருவேன்."

வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டேன். ஏழுமலை கட்டையை ஊன்றி நின்றபடி மனைவியை அதட்டினார். "இன்னாடி நீ, வந்தவரைக் கேள்வி கேட்டுகினு. சார் பாத்துகினுதானே கீறாரு. எல்லாம் செய்வாரு."

படிவத்தை நிரப்பினேன். மேற்பரப்பு: சமம். நீர்த்தேக்கம்: இல்லை. குறிப்புரை: தெரு நல்ல நிலையில் உள்ளது, கோரிக்கையைப் பின்னர் பரிசீலிக்கலாம். ஏழுமலைதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

மறுநாள் இ.ஓ. கடிகாரத்தைக் கழற்றி வைத்துப் படித்தார். "கண்ணால பாத்தியா?" "பாத்தேன் சார்." பென்சிலை எடுத்தார்.

ஐப்பசி பிறந்தது, மழை அடித்து ஊற்றியது. நாலாம் நாள் காலை தனக்கோட்டி ஆபீஸுக்குள் வந்தார். புடவை முழங்கால்வரை சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. நேரே என் மேஜைக்கு வந்து, கம்பியோடு அந்தக் கார்டுகளை வைத்தார். வையப் போகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாங்க தப்பு பண்ட்டோம் சார்," என்றார். "தெருவைக் கூட்டிட்டோம்."

கம்பியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"மூணு நாளா அவரு வேலைக்குப் போவல. இன்னிக்குத்தான் ஆளுங்க தூக்கிகினு போயி வுட்டாங்க. தெனம் யாரு சார் தூக்குவாங்க? அவங்களுக்கும் ஷிப்டு கீதுல்ல? கெணத்துல போட்ட கல்லு மாரி கீறீங்களே சார் நீங்கல்லாம்."

இ.ஓ. தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். நின்றபடி ஒரு முறை படித்தார், மறுபடியும் படித்தார். அந்த அம்மாவைக் கேட்டார்: "எங்க ஆள் வர்றான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பியூன் வந்து சொல்லிட்டுப் போனாரே சார்."

"சொன்னதுனால கூட்டினீங்க."

"சொன்னப்புறம் கூட்டாம எப்டி சார்? ஆபீசரு வராரே."

இ.ஓ. அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா போன பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அங்க வந்துடுங்க. பியூன்கிட்ட சொல்லி அனுப்ப வேணாம்," என்றார். வந்துடுங்க. மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் தூறிக்கொண்டிருந்தது. இ.ஓ. பேன்ட்டை முட்டிக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி எனக்கு முன்பே வந்து நின்றார். தெரு என்று ஒன்று இல்லை. தண்ணீர்தான் இருந்தது, கறுப்பாக. என்னை வரவேற்கக் கொட்டிய சாம்பல் முழுக்கக் கரைந்து கூழாகியிருந்தது. பழைய சேறே தேவலை என்று தெருக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

உள்ளேயிருந்து நாலு பேர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே நாற்காலி. அதில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கட்டை, மடியில் சாப்பாட்டுத் தூக்கு. பின்னால் தனக்கோட்டி.

எங்களைப் பார்த்ததும் ஏழுமலை பதறிப்போனார். "டேய் எறக்குங்கடா, ஆபீசருங்க வந்துகீறாங்க." யாரும் தடுப்பதற்குள் ஒரு வீட்டுத் துவைகல்மேல் அவரை இறக்கி உட்காரவைத்துவிட்டு, நாற்காலியைத் துண்டால் துடைத்து, இ.ஓ. முன்னால் கொண்டுவந்து பிடித்தார்கள்.

"உக்காருங்க சார், தூக்கிகினு போறோம். தண்ணில கால வைக்காதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூறலில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பக்கம் ஷிப்டுக்குச் சங்கு ஊத இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. வேலை போகப்போகிற மனிதர் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டு, "சாரை மொள்ளமா தூக்குங்கப்பா" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் நடப்பேன்பா," என்றார் இ.ஓ. "அவரை உக்கார வைங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "கோலை என்கிட்ட குடுங்க. நீங்க நாற்காலியில ஒரு கால் புடிங்க."

"சார்?"

"அளவெடுக்கணும்ல? புடிங்க."

ஒருவர் விலகினார். நான் பிடித்தேன்.

மெயின் ரோடு வரைக்கும் நானூறு அடிக்கு மேல். படிவத்தில் நீளம் என்று எழுதும்போது அது வெறும் எண். தோளில் ஓர் ஆளின் பாரத்தோடு, கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் போகும்போது அது வேறு. இரண்டு தடவை சறுக்கினேன். பின்னால் இ.ஓ. பத்தடிக்கு ஒரு தரம் கோலை ஊன்றி, சத்தமாக அளவு சொல்லிக்கொண்டே வந்தார். "பதினெட்டு அங்குலம். இருபத்திரண்டு. இருபத்தாறு." பனந்தண்டுப் பாலத்தில் கோலைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். அடி தட்டவில்லை.

மேலே ஏழுமலை நெளிந்துகொண்டிருந்தார். "வோணாம் சார், நீ எறக்கிட்டுப் போ, பாவம் வந்து சேரும் எனக்கு," என்றார். நான் விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா தனம், நம்ப கல்யாணத்துக்குக்கூட என்னை இம்மாம் ஷோக்கா யாரும் இட்டுகினு போவலயே."

"வாய மூடிகினு வா. சார் மூச்சு வாங்குறாரு," என்றார் தனக்கோட்டி.

மெயின் ரோட்டில் இறக்கினோம். அவர் கட்டையை ஊன்றி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மற்ற ஷிப்டு ஆட்களைப் போலவே தொழிற்சாலை கேட்டுக்கு நடந்து போனார். சங்கு அதற்குப் பிறகுதான் ஊதியது.

ஆபீஸுக்கு வந்ததும் இ.ஓ. என்னை உட்கார வைத்தார். அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இன்னார் மூன்று நாள் வேலைக்கு வராததற்குக் காரணம் தெரு நடக்க முடியாத நிலையில் இருந்ததே. முன்பு நல்ல நிலையில் இருப்பதாக எழுதப்பட்ட அறிக்கை தவறு.

"யார் பேர்ல எழுதறது சார்?"

"யார் கண்ணால பாத்தது?"

என் பேரில் எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். அதன் நகல் என் சர்வீஸ் பைலுக்குப் போனது. வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நடைமுறை இவர் வைத்தது, பென்சில் இவர் பிடித்தது, தலை மட்டும் என்னுடையதா என்று திருநின்றவூர் அறையில் சுவரிடம் கத்தியிருக்கிறேன். அந்த நகலை நான் பார்க்கக் கிடைத்தது பல வருடம் கழித்து. என் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: 'இவ்வறிக்கையை ஏற்று இத்தெருவைக் கடைசிப் பட்டியலில் வைத்தவன் நான்.' அதன் கீழே அவருடைய கையெழுத்து. அவர் அப்போது மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியவில்லை.

கடிதம் வேலை செய்தது. கம்பெனியில் ஏழுமலை பெயரை எடுக்கவில்லை. மழை விடும்வரை தெரு ஆட்கள் முறைபோட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஆபீஸில் பியூன் முன்கூட்டிப் போய்ச் சொல்லும் வழக்கம் அன்றோடு நின்றது. தை பிறந்ததும் மதகடித் தெருவில் ஜல்லி வந்து இறங்கியது. மாசியில் கால்வாய்மேல் கான்கிரீட் சிலாப் போட்டார்கள். நாலு நாளைக்கு யாரும் அதன்மேல் நடக்கக் கூடாது, பக்கத்துப் பலகையில்தான் போக வேண்டும் என்று சொல்லி வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தோம்.

நாலு நாள் கழித்துச் சொல்லாமல்தான் போனேன். வைக்கோலை விலக்கிப் பார்த்தால், சிலாப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடம். ஒரு பாதம், ஒரு வட்டம். ஒரு பாதம், ஒரு வட்டம். காய்வதற்குள் முதல் நாளே நடந்திருக்கிறார்.

தனக்கோட்டி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நாலு வருசம் பொறுத்தாரு சார், நாலு நாளு பொறுக்க முடில அவரால. கோச்சிக்காத. நீ வரன்னு சொல்லிகீறதுதானே? பூசி வெச்சிருப்போம்ல."

மேஸ்திரி சட்டியில் சிமென்ட் பால் கரைத்துக்கொண்டு வந்தார், மேலாகப் பூசிவிட்டால் தெரியாது என்று. வேண்டாம் என்றேன்.

வேலை முடிந்த அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. மேற்பரப்பில் பள்ளம், தடம், பிசகு ஏதேனும் உள்ளதா? இல்லை என்று எழுதினேன். இ.ஓ. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நின்றபடி படித்தார்.

"கண்ணால பாத்தியா?" என்றார். ஐப்பசியிலிருந்து அன்றுவரை அவர் என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தேன் சார்," என்றேன்.

சாம்பலில் கோல் இறங்கியதை விட்டால், முப்பத்துநாலு வருட சர்வீஸில் பார்த்ததை எழுதாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.